பேரப்பிள்ளைகளைச் சுடுதளத்துக்கு அழைத்துப் போன கோடை

போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மெரினாவில் கலங்கரை விளக்கத்துப் பக்கம் பேரப்பிள்ளைகளோடு நடந்துகொண்டிருந்தேன். சுண்டல், மாங்காய் பத்தை, குதிரைச் சவாரி எல்லாம் முடிந்து பலூன் சுடுகிற கடை முன்னால் நின்றுவிட்டார்கள். பலகையில் வரிசையாகப் பலூன், முன்னால் ஒரு பெஞ்சு, அதன்மேல் கட்டை தேய்ந்துபோன ஒரு ஏர் கன். நடுவிலவனுக்குப் பதினோரு வயது. கடைக்காரர் குழலை மடக்கிக் குண்டு போட்டு அவன் கையில் கொடுத்தார். வாங்கின கையோடு அவன் என் பக்கம் திரும்பி, "அம்மாச்சி, இங்க பாரேன்!" என்றான். திரும்பின வேகத்தில் குழல் முனை பக்கத்தில் நின்ற ஆறு வயதுச் சின்னவளின் முகத்தைக் கடந்து வந்து என் வயிற்றுக்கு நேரே நின்றது.

கடைக்காரர் சட்டென்று குழலைப் பிடித்து மேலே தூக்கிவிட்டார். ஒன்றும் நடக்கவில்லை. பையன் ஆறு குண்டில் இரண்டு பலூன் உடைத்தான், சந்தோஷமாக வீட்டுக்கு வந்தோம். எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அவனைக் குறை சொல்ல முடியாது. தீபாவளிக்குப் பொட்டு வெடித் துப்பாக்கி வாங்கிக் கொடுத்தவள் நான். அதை வைத்துக்கொண்டு அண்ணன் தங்கையைச் சுடுவதும், தங்கை செத்ததுபோல் விழுவதும், நாங்கள் எல்லாரும் பார்த்துச் சிரிப்பதும் வருஷா வருஷம் நடக்கிறது. துப்பாக்கி என்றால் மனுஷர் மேல் நீட்டுகிற பொருள் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நாங்கள்தான். பலூன் கடைத் துப்பாக்கியில் இருப்பது நிஜமான ஈயக் குண்டு, கண்ணில் பட்டால் கண் போய்விடும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

எனக்குத் துப்பாக்கி புதிதில்லை. 1976-இல் திருச்சியில் கல்லூரியில் சேர்ந்தபோது என்.சி.சி. பெண்கள் பிரிவில் இருந்தேன். முகாமில் .22 ரைஃபிள் கொடுத்துக் குப்புறப் படுக்க வைத்துச் சுடச் சொல்வார்கள், ஆளுக்கு ஐந்து ரவுண்டு. அந்த ஐந்து ரவுண்டுக்காக நாங்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. குண்டே இல்லாமல் மூன்று நாள் பிடித்துப் பழக வேண்டும். சுட்டு முடித்ததும் காலி உறைகளை எண்ணிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மொத்த அணியும் புல்லுக்குள் தேட வேண்டும். ஒரு துப்பாக்கியைச் சுற்றி அவ்வளவு ஒழுங்கு இருக்கும் என்பதை அங்கேதான் பார்த்தேன். துப்பாக்கி சுடப் பயிற்சி கொடுக்கிற ஒரு சுடுதளத்துக்கு அழைத்துப் போனால் அந்த ஒழுங்கைப் பிள்ளைகளும் ஒருமுறை கண்ணால் பார்ப்பார்கள் என்று தோன்றியது. இனிமேல் தொடாதே என்று சொல்லி வைத்தால் அடுத்த திருவிழாவில், நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில் தொடுவான்.

பெங்களூரில் இருக்கும் மகளிடம் ஃபோனில் சொன்னதும், "துப்பாக்கியெல்லாம் எதுக்கும்மா பிள்ளைங்களுக்கு?" என்றாள். அவள் கேட்டது நியாயமான கேள்வி. பலூன் கடையில் நடந்ததை அப்படியே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ முதல்ல போய்ப் பார்த்துட்டு வா, அப்புறம் கூட்டிட்டுப் போ" என்றாள்.

அவள் சொன்னபடியே நான் தனியாகப் போனேன். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போக நினைக்கிற தாத்தா பாட்டிகளுக்கு என் முதல் வேண்டுகோள் இதுதான்: பிள்ளைகள் இல்லாமல் ஒரு தடவை போய், ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். கட்டணம், ஏ.சி., வண்டி நிறுத்த இடம் எல்லாம் அப்புறம். சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் யாராவது சாதாரணமாக நடந்து போகிறார்களா? பயிற்சியாளர் நிறுத்தச் சொன்னதும் எல்லாரும் அந்த நொடியே நிறுத்துகிறார்களா? சுடாத நேரத்தில் ரைஃபிள்கள் எப்படி வைக்கப்பட்டிருக்கின்றன? நான் முதலில் போன ஓர் இடத்தில் பயிற்சியாளர் ஃபோனில் பேசிக்கொண்டே இருந்தார், ஒரு கல்லூரிப் பையன் ரைஃபிளைத் தோளில் சாய்த்துக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான். விசாரிக்கக்கூட இல்லை, திரும்பி வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் நுழைந்ததுமே வித்தியாசம் தெரிந்தது. மேசைமேல் கிடந்த ஒவ்வொரு ரைஃபிளின் குழலுக்குள்ளும் ஆரஞ்சு நிறத்தில் ஒரு நீளமான பிளாஸ்டிக் இழை செருகியிருந்தது. குழல் காலி என்பதற்கு அடையாளம் அது. எட்ட நின்றே தெரியும். அங்கே பேசினேன். பயிற்சியாளர், "பத்து வயசுக்குக் கீழ நான் எடுக்கறதில்லைம்மா, சின்னப் பாப்பா பின்னால உங்ககூட உட்காரட்டும்" என்றார். மறுப்பு சொன்ன அந்த வாயால்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

போவதற்கு முதல் நாள் ராத்திரி வீட்டுக் கூடத்தில் ஒட்டடைக் குச்சியை வைத்து ஒத்திகை பார்த்தோம். காலண்டர் மாட்டியிருக்கும் சுவர்தான் இலக்கு. குச்சியின் முனை எப்போதும் காலண்டரைப் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் தலை மட்டும் திரும்பலாம், குச்சி திரும்பக் கூடாது. சுடுகிற நேரம் தவிர விரல் டிரிகர் பக்கம் போகக் கூடாது. "நிறுத்து" என்றால், பாதியில் இருந்தாலும் நிறுத்த வேண்டும். குண்டு இல்லை என்று தெரிந்தாலும் இருப்பதாகவே நினைக்க வேண்டும். நாலே விஷயம், ஆனால் அரை மணி நேரம் ஆனது. நடுவிலவன் முதல் பத்து நிமிடத்தில் ஏழு தடவை குச்சியோடு திரும்பினான். பொட்டு வெடித் துப்பாக்கிப் பழக்கம் அவ்வளவு ஆழமாக இருந்தது. எட்டாவது தடவை சமையலறையிலிருந்து எங்கள் வீட்டுக்காரர் அவன் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். தலை திரும்பியது, குச்சி திரும்பவில்லை. அதற்கு அப்புறம்தான் தூங்க விட்டேன்.

காலை ஏழு மணிக்கே போய்விட்டோம். முழங்கை மறையும் சட்டை, தட்டையான மூடின ஷூ. வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, பட்டினியும் கூடாது. பெரியவள் பதின்மூன்று வயதிலேயே காபி குடிக்கக் கற்றுக்கொண்டவள். அன்று காபி வேண்டாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார், கை நடுங்கும், நெஞ்சு வேகமாக அடிக்கும் என்று. அவளுக்குத் துணையாக நானும் குடிக்காமல் கிளம்பினேன்.

இலக்கு பத்து மீட்டர் தள்ளி என்று கேட்டால் கூப்பிடு தூரம்தானே என்று தோன்றும். இலக்கு அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோது பிள்ளைகளின் முகம் மாறியது. உள்ளங்கை அளவு அட்டை, நடுவில் 30.5 மி.மீ. கறுப்பு வட்டம், அதன் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான வெள்ளைப் புள்ளி வெறும் அரை மி.மீ. பெல்லட் என்கிற ஈயக் குண்டின் விட்டம் 4.5 மி.மீ., ஆகவே ஓட்டையின் விளிம்பு அந்தப் புள்ளியைத் தொட்டாலே பத்துதான். ஆனால் அடுத்த வளையத்துக்கு 2.5 மி.மீ. தான் தூரம். கடலை மணியில் பாதிகூட இல்லாத விலகல் ஒரு மதிப்பெண்ணைத் தின்றுவிடும். "பாரிஸ்ல மனு பாக்கர் 0.1ல வெள்ளியை விட்டாங்கள்ல, அது இதுமாதிரியா?" என்று பெரியவள் கேட்டாள். 2024 ஒலிம்பிக்ஸில் அந்தப் பெண் சுட்டது பிஸ்டல், அட்டை வேறு, ஆனால் அந்தப் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு சின்னது என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

போட்டி ரைஃபிள் ஐந்து கிலோவுக்குப் பக்கத்தில் வரும். பிள்ளைகளை முதல் நாளே நின்று தூக்கிப் பிடிக்க வைக்கிற இடம் என்றால் யோசியுங்கள். எங்கள் பயிற்சியாளர் உயரம் மாற்றக்கூடிய ஒரு ஸ்டாண்டில் குழல் பகுதியைத் தாங்கக் கொடுத்து, பிள்ளைகள் கன்னத்தை வைத்துக் குறி பார்க்க மட்டும் விட்டார். கனத்தைச் சுமக்கிற வேலை இல்லாததால் கண், மூச்சு, விரல் மூன்றிலும் அவர்களுக்குக் கவனம் நின்றது. அங்கே குழலை மடக்கிக் குண்டு போடுகிற பழைய மாதிரி ரைஃபிளும் இருந்தது. அதைப் பிள்ளைகள் கையில் கொடுக்க அவர் ஒப்பவில்லை. மடக்கின குழல் கை நழுவினால் ஸ்பிரிங் வேகத்தில் திரும்ப அறையும், விரல் நசுங்கிவிடும் என்றார். அழுத்தக் காற்று உருளை வைத்த ரைஃபிள்தான் கொடுத்தார். அதில் ஒரு சின்ன நெம்பைத் திறந்து பெல்லட்டை வைத்து மூடினால் போதும். சத்தமும் அதிகமில்லை, ஒரு 'டப்', அவ்வளவுதான். ஆனால் அரை கிராம் ஈயம் நொடிக்கு 170 மீட்டர் அளவு வேகத்தில் போகிறது.

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். நடுவிலவன் முதல் பெல்லட்டைப் போட்டு ஸ்டாண்டில் ரைஃபிளை வைத்துக் குறி பார்க்கத் தொடங்கியிருந்தான். அம்மாவுக்கு அனுப்ப ஒரு படம் எடுக்கலாமே என்று பின்னால் இருந்து, "சாமி, இங்க ஒரு நிமிஷம் பாரு" என்றேன். ராத்திரி அரை மணி நேரம் நானே சொல்லிக்கொடுத்ததை நானே சோதித்துவிட்டேன். அவன் தோள் திரும்பியது. ரைஃபிள் ஸ்டாண்டிலிருந்து எழும்பியது. பயிற்சியாளர் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்திலேயே நின்றவர் உள்ளங்கையைக் குழலின்மேல் வைத்து அதை அட்டைப் பக்கமே அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "சுடும்போது பின்னால இருந்து கூப்பிடக் கூடாதும்மா, என்னைத் தவிர யாரும்" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குச்சியோடு அவன் திரும்பாமல் நின்றதை வைத்து நிஜ ரைஃபிளோடும் திரும்ப மாட்டான் என்று நான் நம்பியதே பெரிய பிசகு. கையில் புதுப் பொருள், மனசெல்லாம் பரபரப்பு, அப்போது பாட்டி குரல் கேட்டால் பிள்ளை திரும்பத்தான் செய்யும். அன்றிலிருந்து ஃபோனைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிட்டுத்தான் உட்காருகிறேன். படம் வேண்டுமென்றால் ரைஃபிள் மேசைக்குப் போய் ஆரஞ்சு இழை செருகின பிறகு.

பெரியவளுக்கு வேறு சங்கடம். பத்து பெல்லட் சுட்டாள், அட்டை முழுக்கச் சிதறியிருந்தது. "ரெண்டு வட்டமா தெரியுது சார்" என்றாள். பயிற்சியாளர் அவளை எழுந்து நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் நீட்டி, உள்ளங்கைகளைச் சேர்த்து நடுவில் சின்ன ஓட்டை விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னார். இடது கண்ணை மூடினதும் கடிகாரம் காணாமல் போய்விட்டது. வலது கைக்காரி, ஆனால் முன்னால் நிற்கிற கண் இடது. இது பலருக்கு உண்டாம், குறை ஒன்றும் இல்லை. வலது கண்ணால் குறி பார்க்கும்போது இடது கண் குறுக்கே வந்து நானும் பார்க்கிறேன் என்கிறது. கண்ணை இறுக்கி மூடினால் முகமெல்லாம் இறுகி, கொஞ்ச நேரத்தில் அந்த இறுக்கம் வலது கண்ணுக்கும் வந்துவிடும். அதனால் இடது கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகட்டை மாட்டிவிட்டார். இரண்டு கண்ணும் திறந்தே இருக்கும், ஒன்று மட்டும் வேலை செய்யும். அடுத்த பத்தில் சிதறல் பாதியாகச் சுருங்கியது. இந்தக் கை ஓட்டைச் சோதனையை வீட்டிலேயே ஒரு நிமிடத்தில் செய்யலாம். போவதற்கு முன்னால் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்துவிட்டுப் போங்கள், பாதி அழுகை மிச்சமாகும்.

அழுகை என்றதும் நடுவிலவன் நினைவுக்கு வருகிறான். அவன் சுட்டதெல்லாம் ஐந்து, ஆறு, ஐந்து. அக்காவின் சிதறலில் எங்கேயோ ஒரு ஒன்பது இருந்தது. உதடு துடித்தது. நான் அட்டையை வாங்கிப் பார்த்தேன். எட்டு ஓட்டைகள் கீழே இடது பக்கம் ஒன்றின்மேல் ஒன்று, ஒரு ரூபாய்க் காசை வைத்தால் எட்டும் மறைந்துவிடும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் முகாமில் எங்கள் சுபேதார் அளவுநாடாவோடு வந்து அளந்தது இதைத்தான். 'குரூப்பிங்' என்பார்கள். குண்டு எங்கே விழுந்தது என்பது இரண்டாவது கேள்வி. எல்லாம் ஒரே இடத்தில் விழுந்ததா என்பதுதான் முதல் கேள்வி. ஒரே இடத்தில் விழுந்தால் பையன் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி செய்திருக்கிறான், ரைஃபிளின் குறிதான் நகர்ந்திருக்கிறது. அதை அவனுக்குச் சொன்னேன். பயிற்சியாளர் ரைஃபிளின் பின்பக்கக் குறியின் திருகை 'கிளிக் கிளிக்' என்று திருப்பினார். அடுத்த பெல்லட் ஒன்பது. அவன் முகத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்த்துப் பிள்ளைகளைப் பாராட்டாதீர்கள். ஓட்டைகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள்.

இனி நான் சொல்லப் போவதற்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தி, குறியின் வட்டத்துக்குள் அட்டையின் கறுப்பு வட்டம் உட்கார்ந்ததும் டிரிகரை மெதுவாக அழுத்த வேண்டும். இதெல்லாம் ஏழெட்டு நொடிக்குள் முடிய வேண்டும். முடியவில்லை என்றால்? "முடியலைன்னா சுடாத, விரலை வெளிய எடு, கன்னத்தை எடு, மூச்சு விடு, மறுபடி ஆரம்பி" என்றார் பயிற்சியாளர். மூச்சு தீர்ந்த பிறகு, கண் மங்கின பிறகு, எப்படியாவது முடித்துவிடலாம் என்று இழுக்கிற டிரிகர்தான் எல்லா மோசமான சுடுதலுக்கும் காரணமாம். கேட்க எளிது. ஆனால் குறி பார்த்தாகிவிட்டது, குண்டு உள்ளே இருக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள், அந்த நேரத்தில் ஒரு பதினோரு வயதுப் பையன் சுடாமல் விரலை எடுப்பது சாதாரணமில்லை. பெரியவர்களே வாய்வரை வந்த வார்த்தையை விழுங்க முடியாமல் தவிக்கிறோம்.

மூன்றாவது தடவை போனபோது நடந்தது. பெரியவள் கடைசிப் பத்தில் இருந்தாள். எட்டாவது பெல்லட். கன்னத்தை வைத்தாள், மூச்சை நிறுத்தினாள், எடுத்துவிட்டாள். மறுபடி வைத்தாள், எடுத்துவிட்டாள். தொடர்ந்து நாலு தடவை. பக்கத்துத் தடத்தில் காத்திருந்த யாரோ பெருமூச்சு விட்டார்கள். அவள் காது சிவந்தது எனக்குப் பின்னால் இருந்தே தெரிந்தது. ஐந்தாவது தடவை சுட்டாள். எட்டுதான் விழுந்தது. பத்து விழுந்திருந்தால் இந்தக் கதை நன்றாக இருந்திருக்கும், ஆனால் எட்டுதான். பயிற்சியாளர் அந்த எட்டைப் பார்க்கவே இல்லை. "நாலு தடவை இறக்கின பாரு, அது போதும் எனக்கு" என்றார். வீட்டுக்கு வந்ததும் அபினவ் பிந்த்ரா 2008-இல் பெய்ஜிங்கில் கடைசி பெல்லட்டில் 10.8 சுட்டுத் தங்கம் வாங்கினதை அவளுக்குச் சொன்னேன். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிள் தங்கம் வாங்கினதையும் சொன்னேன். "அவங்களும் இறக்கி வைப்பாங்களா அம்மாச்சி?" என்றுதான் கேட்டாள்.

சின்னவளை மறந்துவிடக் கூடாது. கூட வந்து ஒன்றும் செய்யாமல் உட்காருகிற பிள்ளைதான் இந்த மாதிரி வெளியே போகிற நாட்களைக் கெடுக்கும். அவளுக்கு ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்தேன். ஒவ்வொரு பெல்லட்டுக்கும் ஒரு கோடு, பத்துக்கு ஒரு கட்டம். அண்ணன் இருபத்தொன்று என்றபோது இவள் இருபது என்று சாதித்தாள், இவள் கணக்குதான் சரி. நாற்பது நிமிடத்துக்குமேல் யாரையும் சுட விடவில்லை. இன்னும் பத்து என்று கெஞ்சும்போதே கிளம்பிவிட வேண்டும். களைத்த பிள்ளை கையில் ரைஃபிள் இருக்கக் கூடாது.

கிளம்பும் முன் கட்டாயமாக ஒரு காரியம்: சோப்புப் போட்டு முழங்கைவரை கை கழுவல். பெல்லட் ஈயம். ஈயத்தூள் விரலிலிருந்து வாய்க்குப் போவது பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்குப் பெரிய கெடுதல். சுடுதளத்துக்குள் தண்ணீர் பாட்டிலைத் தவிர வேறு தின்பண்டம் எதுவும் எடுத்துப் போகவில்லை. பெல்லட்டை உதட்டில் இடுக்கிக்கொள்ளும் பழக்கம் சில பழைய ஆட்களிடம் உண்டு, பிள்ளைகள் பார்த்தால் செய்வார்கள். கழுவி முடித்து, முகர்ந்து பார்த்து, பிறகுதான் இட்லிக் கடை.

மூன்று தடவை போன பிறகு நடுவிலவன், "நம்மளே ஒண்ணு வாங்கிடலாமே" என்று ஆரம்பித்தான். 4.5 மி.மீ. விட்டமும் 20 ஜூல் ஆற்றலும் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் துப்பாக்கி உரிமம் தேவையில்லை. ஆனாலும் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன், காரணத்தையும் சொன்னேன். லால்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பா வீட்டில் ஒரு ஏர் கன் சுவரில் மாட்டியிருக்கும். அவர் அதில் கொக்கும் மைனாவும் சுடுவார். எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, கிணற்றடியில் ஒரு மைனா இறக்கை ஒடிந்து சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்தேன். அது சாகவும் இல்லை, பறக்கவும் இல்லை. இன்றைக்கு அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், ஆனால் எனக்குச் சட்டம் நினைவுக்கு வருவதில்லை, அந்த மைனாதான் வருகிறது. வீட்டில் ரைஃபிள் இருந்தால் மத்தியானச் சலிப்பில் யாராவது எடுப்பார்கள். சுடுதளத்தில் இருந்தால் பயிற்சியாளரின் உள்ளங்கை பக்கத்தில் இருக்கும். பையன் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு மைனாவுக்கு என்ன ஆச்சு என்று கேட்டான். சொன்னேன்.

ஜூன் முதல் வாரம் பெங்களூருக்குத் திரும்பிவிட்டார்கள். வலது தோளில் வைத்துத் தகடு மாட்டிச் சுடுவதைவிட, இடது தோளுக்கு மாற்றிப் பழகினால் பெரியவளுக்கு நல்லது என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். பெரியவள் இப்போது தினமும் ராத்திரி இடது தோளில் ஒட்டடைக் குச்சியை வைத்துச் சுவரைப் பார்த்து நிற்கிறாளாம், மகள் ஃபோனில் சொன்னாள். அரையாண்டு விடுமுறைக்கு வரும்போது முயல வேண்டும். இடது கைக்காரருக்கான ரைஃபிள் அங்கே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போனால் கிடைக்கும்.